ஊரகத் தொலைத்தொடர்பு நிறுவனம் கைமாறும்போது அதிவேக இணையத்தைக் காப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் பகுதிக்கு இணைப்பு தரும் நிறுவனத்தை வேறொருவர் வாங்குகிறார்களாம். இணையம் நின்றுவிடுமா?

விற்பனை முடியும் நாளில் பெரும்பாலும் எதுவும் மாறாது. அதே கம்பி, அதே கம்பம், அதே லைன்மேன்தான். ஆபத்து இரண்டு இடங்களில் இருக்கிறது. முதலாவது, பழைய நிறுவனத்தின் கணினி அமைப்புகளிலிருந்து புதிய நிறுவனத்தின் அமைப்புகளுக்கு வாடிக்கையாளர் விவரங்கள் மாற்றப்படும் வாரம். இது விற்பனை நாளிலேயே நடக்கலாம், ஓராண்டு கழித்தும் நடக்கலாம். இரண்டாவது, வாங்கியவர் கடன் சுமையால் பராமரிப்பையும் புதிய முதலீட்டையும் மெல்ல மெல்ல நிறுத்துவது. முதலாவது எல்லோர் கண்ணிலும் படும், செய்தியாகும். இரண்டாவதை ஐந்து வருடம் கழித்துத்தான் ஊர் உணரும்.

இரண்டையும் தடுக்க ஒரே சமயம்தான் உண்டு: ஒழுங்குமுறை ஆணையம் அனுமதி தருவதற்கு முன். அதுவரை வாங்குபவருக்கு உங்கள் ஆதரவு தேவை. கையெழுத்தான பிறகு தேவையில்லை. இந்தப் பக்கத்தில் உள்ள ஆலோசனைகள் எல்லாம் அதைச் சுற்றியே அமைந்தவை. எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் அமெரிக்காவிலிருந்து வருகின்றன. ஊரக லைன்களைத் தனியாகப் பிரித்து விற்பது அங்கேதான் பலமுறை நடந்தது, நடந்தவை பொது ஆவணங்களிலும் பதிவாகியுள்ளன.

லாபத்தில் ஓடும் பெரிய நிறுவனம் ஊரக லைன்களை மட்டும் ஏன் பிரித்து விற்கிறது?

வீடுகள் தள்ளித்தள்ளி இருப்பதால் ஒரு கிலோமீட்டர் கம்பிக்குக் கிடைக்கும் வருமானம் குறைவு. செப்புக் கம்பியை எடுத்துவிட்டு ஃபைபர் போட வேண்டிய காலம் வரும்போது, அந்தச் செலவைச் செய்வதைவிட விற்றுவிடுவது சுலபம் என்று கணக்குப் போடுகிறார்கள்.

அமெரிக்க வரிச் சட்டத்தில் உள்ள ‘ரிவர்ஸ் மோரிஸ் டிரஸ்ட்’ என்ற வழியையும் தெரிந்துகொள்ள வேண்டும். விற்பவரின் பங்குதாரர்கள் புதிதாக இணையும் நிறுவனத்தில் பாதிக்கு மேல் பங்கு வைத்திருந்தால் விற்பனை லாபத்துக்கு வரி இல்லை. அப்படி வைத்திருக்க வேண்டுமானால் வாங்குபவர், வாங்கப்படும் சொத்தைவிடச் சிறியவராக இருக்க வேண்டும். ஆக, வரி விதியே வசதியுள்ள பெரிய நிறுவனத்தை விலக்கி, தாங்க முடியாத சிறிய நிறுவனத்தின் பக்கம் விற்பனையைத் தள்ளுகிறது. வெரைசன் என்ற பெரிய அமெரிக்கத் தொலைத்தொடர்பு நிறுவனம் தன் மெய்ன், நியூ ஹாம்ப்ஷயர், வெர்மான்ட் மாநில லைன்களை, சுமார் 15 லட்சம், 2008 மார்ச் 31 அன்று ஃபேர்பாயின்ட் என்ற நிறுவனத்திடம் ஒப்படைத்தது இந்த முறையில்தான். மதிப்பு சுமார் 270 கோடி டாலர். ஃபேர்பாயின்ட் அதுவரை நடத்தி வந்ததைப்போலப் பல மடங்கு பெரிய வலையமைப்பு அது. அடுத்த ஆண்டே, 2009 அக்டோபர் 26 அன்று, ஃபேர்பாயின்ட் திவால் பாதுகாப்புக் கோரி நீதிமன்றம் சென்றது.

விற்பனை அறிவிப்பில் ‘வரியற்ற பரிமாற்றம்’ என்ற சொல் தென்பட்டால், வாங்குபவரின் அளவையும் கடனையும் முதலில் பாருங்கள்.

விற்பனை வரப்போகிறது என்பதற்கு முன்கூட்டியே அறிகுறி உண்டா?

உண்டு. விற்க நினைக்கும் நிறுவனம் அந்தப் பகுதியில் மூலதனச் செலவைக் குறைக்கும். மரக்கிளை வெட்டுவது நிற்கும். ஓய்வுபெறும் லைன்மேனின் இடம் காலியாகவே கிடக்கும். தற்காலிகமாகப் பையைச் சுற்றிக் கட்டிய ஜாயிண்ட்கள் மாதக்கணக்கில் அப்படியே இருக்கும். தெருவோரப் பெட்டிகளில் பழுதான பேட்டரியை மாற்றமாட்டார்கள், மின்சாரம் போன சில நிமிடங்களில் இணையமும் போய்விடும். பழைய காகித உறை கொண்ட பெரிய செப்புக் கேபிள்களில் ஈரம் ஏறாமல் இருக்க உலர்ந்த காற்றை அழுத்தத்துடன் செலுத்துவார்கள். அந்த அழுத்தம் கவனிக்கப்படாமல் விழுந்தால், ஒரு நல்ல மழையில் நூற்றுக்கணக்கான லைன்கள் ஒன்றாகக் கெடும்.

இவற்றை இடம், தேதி, புகைப்படத்துடன் குறித்து வையுங்கள். வாங்குபவர் பின்னாளில் “எங்களுக்கு வந்ததே இந்த நிலையில்தான்” என்பார், விற்றவர் “நாங்கள் நன்றாகத்தான் கொடுத்தோம்” என்பார். விற்பனைக்கு முன்பே எடுத்த படம் இருந்தால், பழுதுநீக்கச் செலவை விற்பவரிடமிருந்தே பிடித்துவைக்கும்படி ஆணையத்திடம் கேட்கலாம்.

யார் அனுமதி தருகிறார்கள்? எங்கள் குரல் அங்கே எடுபடுமா?

நாட்டுக்கு நாடு மாறும். பொதுவாகத் தேசியத் தொலைத்தொடர்பு ஆணையம், போட்டிச் சட்ட அமைப்பு, சில நாடுகளில் மாநில அல்லது மாகாண ஆணையம் ஆகியவை பார்க்கும். அமெரிக்காவில் எஃப்சிசி எனப்படும் மத்திய ஆணையமும் மாநிலப் பயன்பாட்டு ஆணையங்களும் தனித்தனியே அனுமதிக்க வேண்டும். ஊரகப் பகுதிகளுக்கு உண்மையில் உதவியவை பெரும்பாலும் மாநில ஆணையங்களே. வெர்மான்ட் ஆணையம் 2007 டிசம்பரில் ஃபேர்பாயின்ட் விற்பனையை முதலில் மறுத்துவிட்டது. வாங்குபவரின் நிதி நிலை தாங்காது என்பதே காரணம். விதிமுறைகள் திருத்தப்பட்ட பிறகுதான் 2008 பிப்ரவரியில் அனுமதித்தது.

ஆணையம் எந்த அளவுகோலை வைத்துப் பார்க்கிறது என்பதை முதலிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ‘தீங்கு இல்லாவிட்டால் போதும்’ என்பது ஒரு அளவுகோல், ‘பொதுமக்களுக்கு நன்மை இருக்க வேண்டும்’ என்பது வேறொன்று. முதலாவதில் தீங்கை நடைமுறையில் நீங்கள்தான் எடுத்துக்காட்ட வேண்டியிருக்கும். இரண்டாவதில் நன்மையை விற்பவரும் வாங்குபவரும் நிரூபிக்க வேண்டும்.

கருத்துச் சொல்பவராக மட்டும் நின்றுவிடாமல், வழக்கில் தரப்பினராகச் சேர்க்கும்படி மனுச் செய்யுங்கள். தரப்பினருக்கு ஆவணம் கேட்கவும், சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யவும், மேல்முறையீடு செய்யவும் உரிமை கிடைக்கும். இதற்கான கெடு மிகக் குறுகியது. அறிவிப்பு வெளியான சில வாரங்களிலேயே முடிந்துவிடும். உள்ளாட்சி அமைப்பு, பள்ளிக்கூடம், மருத்துவமனை, விவசாயச் சங்கம், தொழிற்சங்கம் எல்லாம் சேர்ந்து ஒரே வழக்கறிஞரை வைத்துக்கொண்டால் செலவு தாங்கும். ஊழியர் சங்கத்தைத் தவறாமல் சேர்த்துக்கொள்ளுங்கள். எந்தப் பெட்டி எந்த நிலையில் இருக்கிறது என்பது ஆணையத்தைவிட லைன்மேனுக்கு நன்றாகத் தெரியும்.

என்ன நிபந்தனைகளைக் கேட்க வேண்டும்?

“ஊரகப் பகுதிகளில் அதிவேக இணையத்தை விரிவாக்குவோம்” என்ற வரி நிபந்தனையே அல்ல. நிபந்தனை என்றால் அதில் எந்த முகவரிகள், என்ன வேகம், எந்தத் தேதி, எப்படி அளப்பது, தவறினால் எவ்வளவு பணம் என்ற ஐந்தும் இருக்க வேண்டும். ஐந்தில் எது விடுபட்டாலும் அந்த ஓட்டை வழியாகத்தான் வெளியேறுவார்கள்.

முகவரி என்பதற்கு நியூயார்க் மாநிலத்தில் நடந்ததைப் பாருங்கள். சார்ட்டர் என்ற கேபிள் நிறுவனம் டைம் வார்னர் கேபிள் என்ற மற்றொரு நிறுவனத்தை வாங்க 2016 ஜனவரியில் அனுமதி தந்த மாநில ஆணையம், இணையம் இல்லாத அல்லது போதாத 1,45,000 வீடுகள், கடைகள் வரை நான்கு ஆண்டுகளில் வலையமைப்பை நீட்ட வேண்டும் என்று விதித்தது. நிறுவனம் கணக்குக் காட்டியபோது நியூயார்க் நகரத்து முகவரிகளும் அதில் இருந்தன. சர்ச்சை முற்றி, 2018 ஜூலையில் ஆணையம் தான் கொடுத்த அனுமதியையே ரத்து செய்தது. 2019-ல் ஏற்பட்ட உடன்பாட்டில்தான் 1,45,000 முகவரிகளும் நகரத்துக்கு வெளியே, மாநிலத்தின் வடபகுதியில் இருக்க வேண்டும் என்று தெளிவாக எழுதப்பட்டது. இணைப்பாக ஒரு முகவரிப் பட்டியல் முதல் நாளே இருந்திருந்தால் இத்தனை ஆண்டு இழுபறி தேவைப்பட்டிருக்காது. பட்டியலை நீங்களே தயாரித்துக் கொடுங்கள்: கதவு எண், தெரு, அட்சரேகை, தீர்க்கரேகை, இப்போது கிடைக்கும் வேகம்.

வேகத்தைப் பொறுத்தவரை, நிலையான ஓர் எண்ணை எழுதாதீர்கள். ஃபிரான்டியர் நிறுவனம் 2010-ல் வெரைசனின் 14 மாநில லைன்களை வாங்கியபோது, 85 சதவீத லைன்களுக்கு 2013 முடிவில் 3 எம்பிபிஎஸ் (நொடிக்கு இத்தனை மெகாபிட் என்ற வேக அளவு), 2015 முடிவில் 4 எம்பிபிஎஸ் தருவதாக எஃப்சிசியிடம் ஒப்புக்கொண்டது. 2010-ல் அகலப்பட்டை (பிராட்பேண்ட், அதாவது அதிவேக இணையம்) என்பதற்கு எஃப்சிசியின் வரையறையே 4 எம்பிபிஎஸ்தான். ஆனால் 2015 ஜனவரியில் அந்த வரையறை 25 எம்பிபிஎஸ் ஆனது, 2024-ல் 100 எம்பிபிஎஸ் ஆனது. சொன்னதைச் சொன்னபடி செய்து முடித்தாலும் ஊர் பின்தங்கியே இருந்திருக்கும். ஆகவே ‘அந்தந்த ஆண்டு ஆணையம் வரையறுக்கும் குறைந்தபட்ச வேகம்’ என்று எழுதுங்கள். முடிந்தால் ‘கட்டப்படும் புதிய வழி ஃபைபராக இருக்க வேண்டும்’ என்று தொழில்நுட்பத்தையே குறிப்பிடுங்கள். செப்புத் தொலைபேசிக் கம்பியில் இணையம் தரும் ஏடிஎஸ்எல்2+ முறையில் தெருப்பெட்டிக்கு ஒரு கிலோமீட்டருக்குள் 20 எம்பிபிஎஸ் கிடைக்கலாம், ஐந்து கிலோமீட்டரில் ஓரிரு எம்பிபிஎஸ் கிடைத்தாலே அதிகம். செப்பில் எவ்வளவு பணம் கொட்டினாலும் தூரம் குறையாது.

பதிவேற்ற வேகத்தை மறக்க வேண்டாம். பதிவிறக்கத்தை மட்டும் எழுதிவிட்டால் மருத்துவரிடம் காணொளியில் பேசுவதும் பிள்ளைகளின் இணைய வகுப்பும் தடுமாறும்.

85 அல்லது 90 சதவீதம் என்றால் நல்லதுதானே?

மீதி 15 சதவீதம் யார் என்று கேளுங்கள். எக்ஸ்சேஞ்சைச் சுற்றியுள்ள வீடுகளை முடித்தாலே அந்த எண் வந்துவிடும். விடுபடுவது எப்போதும் வரிசையின் கடைசியில் உள்ள தோட்ட வீடுகளும் மலையடிவாரக் குடியிருப்புகளும்தான். மாநில சராசரியில் அவை காணாமல் போகும். அதனால் கணக்கு எக்ஸ்சேஞ்ச் வாரியாக, பெட்டி வாரியாகத் தரப்பட வேண்டும், ஒவ்வொரு எக்ஸ்சேஞ்சும் தனியே தேற வேண்டும் என்று கேளுங்கள். வேலையைத் தொலைதூர முனையிலிருந்து தொடங்க வேண்டும் என்று வரிசையையே நிபந்தனையாக்குவது இன்னும் பலமானது.

விலைக்கும் நிபந்தனை போட முடியுமா?

முடியும். நியூசிலாந்து அரசு 1990-ல் தன் தொலைபேசி நிறுவனத்தை 425 கோடி நியூசிலாந்து டாலருக்கு விற்றபோது ‘கிவி ஷேர்’ என்ற ஒரு தனிப் பங்கைக் கையில் வைத்துக்கொண்டது. உள்ளூர் அழைப்பு இலவசம், வீட்டு லைன் வாடகை பொது விலைவாசியைவிட வேகமாக ஏறக் கூடாது, ஊரக வாடகை நகர வாடகையைத் தாண்டக் கூடாது என்பவை அந்தப் பங்கோடு பிணைந்த கடமைகள். நிறுவனத்தின் அமைப்பு விதிகளுக்குள்ளேயே எழுதப்பட்டதால், உரிமையாளர் மாறினாலும் கடமை மாறவில்லை. குரல் அழைப்புக்காக எழுதப்பட்டது என்பதுதான் அதன் குறை. இணையக் காலத்துக்கு அரசு மறுபடி பேச வேண்டியிருந்தது.

ஆஸ்திரேலியாவின் வழி வேறு. அந்நாட்டு அரசின் தொலைபேசி நிறுவனமாக இருந்த டெல்ஸ்ட்ரா முழுமையாகத் தனியார் கைக்குப் போகும் முன், 2005-ல் இயற்றிய சட்டத்தின்படி, நகரம் சாராத பகுதிகளின் தொலைத்தொடர்பை மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒரு சுதந்திரக் குழு ஆய்வு செய்து அறிக்கை தர வேண்டும், அரசு அதற்குப் பதில் சொல்ல வேண்டும். இந்த ஆய்வு இன்றும் நடக்கிறது. விலைக் கட்டுப்பாடும் தவணை ஆய்வும் இரண்டுமே தேவை என்பது எங்கள் கருத்து.

வாக்குறுதியை மீறினால் அபராதம் என்று எழுதியிருக்கிறார்கள். போதாதா?

அபராதத்தின் அளவைப் பாருங்கள். ஒரு வழித்தடத்தைக் கட்ட நூறு ரூபாய் ஆகும், கட்டாவிட்டால் அபராதம் இருபது என்றால், எந்த நிதி மேலாளரும் இருபதைத்தான் கட்டுவார். அபராதம், வழித்தடத்தை அமைக்கும் செலவைவிட அதிகமாக இருக்க வேண்டும். இரண்டாவது, அது தானாகச் செயல்பட வேண்டும். மீறியதை நிரூபித்து வழக்குப் போட்டு வசூலிக்கும் முறை என்றால் ஐந்தாறு வருடம் ஓடிவிடும்.

இதற்கு நடைமுறையில் உள்ள வழி, விற்பனைத் தொகையில் ஒரு பகுதியை மூன்றாம் தரப்புக் கணக்கில் பூட்டி வைப்பது. ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் சுதந்திர ஆய்வாளர் சான்று தர, அந்தப் பங்கு விடுவிக்கப்படும். வங்கி உத்தரவாதமும் இதே வேலையைச் செய்யும். தவணை தவறினால் அந்தப் பணம் ஊராட்சியோ கூட்டுறவோ அதே தடத்தைக் கட்டுவதற்குப் போக வேண்டும் என்று எழுதுங்கள். பொது நிதியில் கரைந்துவிட்டால் ஊருக்குப் பயனில்லை.

கூடவே ஈவுத்தொகைத் தடை. வேக இலக்கோ பழுதுநீக்க இலக்கோ தவறிய காலாண்டில் பங்குதாரருக்கு ஈவுத்தொகை கிடையாது என்ற ஒரே வரி, பத்து அபராதப் பிரிவுகளைவிடத் தலைமையகத்தின் கவனத்தை இழுக்கும்.

வாங்குபவரின் கடன் அதிகமா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

மொத்தக் கடனை, வட்டி, வரி, தேய்மானம் கழிக்கும் முன் வரும் ஆண்டு லாபத்தால் வகுங்கள். வலையமைப்பு சுருங்கிவரும் தொழிலில் அது மூன்றைத் தாண்டினால் கேள்வி கேளுங்கள், ஐந்தை நெருங்கினால் எதிர்த்து நில்லுங்கள். பிறகு அவர்கள் கொடுத்த நிதி முன்மதிப்பீட்டில் ஆண்டுக்கு எத்தனை சதவீதம் லைன்கள் குறையும் என்று வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். கடந்த மூன்று ஆண்டின் உண்மையான குறைவைவிட அது கம்மியாக இருந்தால் முழு மதிப்பீடும் மணல்மேல் நிற்கிறது. வருமானம் குறைந்தாலும் வட்டி குறையாது, ஆகவே முதலில் வெட்டப்படுவது பராமரிப்புச் செலவுதான். பல பெரிய கொள்முதல்களைச் செய்த ஃபிரான்டியர் 2020 ஏப்ரலில் சுமார் 1,750 கோடி டாலர் கடனோடு திவால் பாதுகாப்புக் கோரியது.

இப்போதைய நிலைக்கு ஆதாரம் எப்படிச் சேகரிப்பது?

இதைச் செய்யாத ஊர்கள் பின்னால் வாதாடவே முடிவதில்லை, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம்.

வைஃபை வழியாக எடுத்த வேகச் சோதனையை நிறுவனம் ஒரே வரியில் தள்ளிவிடும். மடிக்கணினியை லேன் கேபிளால் மோடத்தில் நேரடியாகச் செருகுங்கள். வீட்டிலுள்ள மற்ற சாதனங்களை நிறுத்துங்கள். காலை ஆறு மணி வாக்கில் ஒன்று, இரவு எட்டு முதல் பத்துக்குள் ஒன்று என்று இரண்டு வாரம் எடுங்கள். பதிவிறக்கம், பதிவேற்றம், தாமதம், இழந்த பாக்கெட் (வழியில் தொலைந்த தரவுத் துண்டுகள்) ஆகிய நான்கும் தெரியும் திரையைப் படம் எடுத்துச் சேமியுங்கள். ஓர் எக்ஸ்சேஞ்சுக்குக் குறைந்தது இருபது வீடுகள், அவற்றில் பாதியாவது தொலைவில் உள்ளவை.

அதோடு மோடத்தின் நிலைப் பக்கத்தையும் படம் எடுங்கள். ரவுட்டரின் உள்முகவரியை உலாவியில் இட்டால் வரும், பெரும்பாலும் 192.168.1.1. டிஎஸ்எல் (செப்புக் கம்பி இணையம்) என்றால் நான்கு எண்கள் முக்கியம்: சின்க் வேகம் (மோடமும் தெருப்பெட்டியும் தமக்குள் ஒத்துக்கொண்ட வேகம்), சத்த இடைவெளி (இரைச்சலைத் தாங்க மீதமுள்ள இடம்), தேய்வு (வழியில் சமிக்ஞை இழக்கும் வலு), பிழை எண்ணிக்கை. சோதனை வேகம் சின்க் வேகத்தில் 85 சதவீதம் அளவில் இருந்தால் வழி நலம். சின்க் 10 எம்பிபிஎஸ் நிலையாக நிற்க, காலையில் 8 வந்து இரவில் 1.5 ஆக விழுந்தால் உங்கள் கம்பியில் குறையில்லை. தெருப்பெட்டியிலிருந்து எக்ஸ்சேஞ்சுக்குப் போகும் பொது வழி நெரிசல்படுகிறது, நிறுவனம் அந்த வழியின் கொள்ளளவைக் கூட்ட வேண்டும். இரவு பகல் வித்தியாசமின்றி சின்க் வேகமே மழைநாளில் சரிந்து, பிழை எண்ணிக்கை ஆயிரக்கணக்கில் ஏறினால், எங்கோ ஒரு ஜாயிண்டில் தண்ணீர் இறங்கியிருக்கிறது. சத்த இடைவெளி 6 டெசிபலுக்குக் கீழே போனால் இணைப்பு அடிக்கடி விட்டுவிட்டு வரும். தேய்வு எண் தூரத்தைச் சொல்லும், ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 14 டெசிபல் என்று வைத்துக்கொள்ளலாம். 

ஃபைபர் இணைப்பு என்றால் பெறும் ஒளித்திறனைப் பாருங்கள். ஒரே ஃபைபரைப் பல வீடுகளுக்குப் பிரித்துத் தரும் ஜிபான் முறையில் மைனஸ் 8 முதல் மைனஸ் 27 டிபிஎம் (ஒளித்திறனின் அலகு) வரை வேலை செய்யும். மைனஸ் 26 என்று காட்டினால் அது விளிம்பில் நிற்கிறது, ஒரு வளைந்த கேபிள் போதும் அறுந்துபோக.

இந்தப் பிரிப்பு ஏன் அவசியம்? ‘நெட் மெதுவாக இருக்கிறது’ என்ற புகாருக்கு ‘ஆய்வு செய்கிறோம்’ என்ற பதில் வரும். ‘இந்தப் பெட்டியில் இருபது வீட்டிலும் சின்க் சரி, இரவில் மட்டும் வேகம் விழுகிறது’ என்பதற்கு அப்படிச் சொல்லித் தப்ப முடியாது, பொது வழியின் பயன்பாட்டு வரைபடத்தைக் காட்டியாக வேண்டும்.

விளம்பர வேகம், பில்லில் உள்ள திட்டத்தின் பெயர், மோடத்தில் வரும் சின்க் வேகம் மூன்றையும் ஒரே தாளில் வையுங்கள். அமெரிக்க வணிக ஆணையமான எஃப்டிசி 2021-ல் ஃபிரான்டியர்மீது தொடுத்த வழக்கு இந்த வித்தியாசத்தைப் பற்றியதே. 2022 உடன்பாட்டின்படி நிறுவனம் கலிபோர்னியாவில் 60,000 வீடுகளுக்கு நான்கு ஆண்டுகளில் ஃபைபர் போட வேண்டும் என்று முடிவானது.

கணினி மாற்றத்தின்போது என்ன கெடுகிறது? ஏன்?

ஃபேர்பாயின்ட் முதல் சில மாதங்கள் வெரைசனின் கணினிகளையே வாடகைக்குப் பயன்படுத்தியது, மாதம் சுமார் 1.6 கோடி டாலருக்கு. இத்தகைய தற்காலிக ஏற்பாட்டைக் கைமாற்றுச் சேவை ஒப்பந்தம் என்பார்கள். வாடகை கனமாக இருப்பதால் சீக்கிரம் வெளியேற வேண்டும் என்ற அவசரம் வரும். 2009 ஜனவரி இறுதியில் புதிய அமைப்புக்கு மாறினார்கள். மூன்று மாநில ஆணையங்களும் சேர்ந்து அமர்த்திய சுதந்திரக் கண்காணிப்பாளர் தயார்நிலைக்கு ஒப்புதல் கொடுத்திருந்தும், புதிய இணைப்புகள் தேங்கின, பில்கள் தவறின, மின்னஞ்சல் தடைபட்டது, அழைப்பு மையம் நிரம்பி வழிந்தது. மீள மாதங்கள் ஆயின. வெரைசனின் ஹவாய் லைன்களை கார்லைல் குழுமம் 2005-ல் வாங்கி 2006-ல் கணினி மாற்றியபோதும் இதே கதிதான், அந்த லைன்களை நடத்திய ஹவாயியன் டெல்காம் நிறுவனம் 2008 டிசம்பரில் திவால் பாதுகாப்புக் கோரியது.

காரணம் எளிது. ஓர் இணைப்பு என்பது முகவரி, கேபிள் ஜோடி எண், பெட்டியின் போர்ட் எண், வேகத் திட்டம், பில் கணக்கு ஆகிய ஐந்து பதிவுகளின் சங்கிலி. இவை தனித்தனித் தரவுத்தளங்களில் இருக்கின்றன. ஊரகத்தில் முகவரிகள் ஒழுங்காக இல்லை. ஜோடி எண்களைப் பாதி நேரம் லைன்மேன் களத்தில் மாற்றிவிட்டுப் பதிவேட்டில் மாற்றாமல் விட்டிருப்பார். அவர் நினைவில் இருக்கும்வரை வேலை நடக்கும். புதிய கணினிக்கு அது தெரியாது, ஆர்டர் நடுவழியில் நின்றுவிடும். மாதிரித் தரவில் செய்த சோதனையில் இது வெளியே வராது.

எனவே கேட்க வேண்டியவை இவை. உண்மையான முழுத் தரவோடு, வழக்கமான ஒரு நாளின் ஆர்டர் அளவில், குறைந்தது இரண்டு முழு ஒத்திகை. இரண்டு பில் சுழற்சிகளுக்குப் பழைய, புதிய பில்களை இணையாகப் போட்டு ஒப்பிடுதல். தேறாவிட்டால் கைமாற்று ஒப்பந்தத்தை அதே வாடகையில் நீட்டிக்க விற்பவருக்குக் கடமை. நிறுவனம் செய்த சோதனையின் முடிவைப் படித்துக் கையெழுத்திடுவதோடு நில்லாமல், தானே சோதனை நடத்தும் அதிகாரம் கண்காணிப்பாளருக்கு. அவசர உதவி எண்ணின் முகவரிப் பதிவுகள் தனியே சரிபார்க்கப்பட வேண்டும், ஏனெனில் அதில் ஒரு தவறு உயிருக்கு ஆபத்து.

இன்னொரு வழியும் உண்டு. 2010 ஃபிரான்டியர் விற்பனையில் 13 மாநிலங்களுக்கு வெரைசன் தன் அமைப்புகளின் தனி நகலை உருவாக்கி, ஒப்படைப்பதற்கு முன்பே அதில் சில வாரங்கள் ஓட்டிக் காட்ட வேண்டியிருந்தது. ஃபேர்பாயின்டில் பட்ட அடியிலிருந்து ஆணையங்கள் கற்றது அது. செலவு அதிகம், ஆனால் அந்தச் செலவு விற்பவருடையது. அதே ஃபிரான்டியர் 2016 ஏப்ரல் 1 அன்று கலிபோர்னியா, டெக்சஸ், ஃபுளோரிடா லைன்களை 1,054 கோடி டாலருக்கு வாங்கி ஒரே மூச்சில் மாற்றியபோது, பலருக்கு இணையமும் தொலைபேசியும் நாள்கணக்கில் கிடைக்கவில்லை.

மாற்ற நாளுக்கு முன் ஒரு வீட்டுக்காரர் என்ன செய்ய வேண்டும்?

கடைசி 12 மாத பில்களைப் பதிவிறக்குங்கள், இணையக் கணக்கு மூடப்பட்டால் அவை போய்விடும். திட்டத்தின் பெயர், விலை, ஒப்பந்த முடிவுத் தேதி தெரியும் திரையைப் படம் எடுங்கள். மோடத்தில் உள்ள பயனர்பெயர், கடவுச்சொல், நிலையான ஐபி முகவரி இருந்தால் அது, இவற்றைத் தாளில் எழுதுங்கள். நிறுவனம் கொடுத்த மோடம் பழைய நிறுவனத்தின் நிர்வாகச் சர்வரைத் தேடிக்கொண்டே இருக்கலாம், அப்போது மறுதொடக்கத்துக்குப் பிறகும் இணைப்பு வராது. முழு ரீசெட் செய்து பயனர்பெயரை மறுபடி இட வேண்டியிருக்கும். அந்தத் தாள் இல்லாமல் ரீசெட் பொத்தானைத் தொடாதீர்கள்.

நிறுவனத்தின் பெயரில் முடியும் மின்னஞ்சல் முகவரி வைத்திருந்தால் இப்போதே வேறு முகவரிக்கு மாறுங்கள். வங்கி, மருத்துவமனை, பள்ளிக் கணக்குகளில் அதைத்தான் கொடுத்திருப்பீர்கள். பழைய கடிதங்களை ஐமேப் (சர்வரில் உள்ள அஞ்சலைச் செயலியில் படிக்கும் முறை) வழியாக ஒரு மின்னஞ்சல் செயலியில் இறக்கி வையுங்கள். தானியங்கிப் பணம் செலுத்தலை நிறுத்தி, இரண்டு மாதம் கையால் கட்டுங்கள். இரட்டை வசூல் நடந்தால் திரும்பப் பெற அலைய வேண்டிவரும்.

புதிய இணைப்போ இடமாற்றமோ வேண்டுமானால் மாற்றத்துக்கு ஆறு வாரம் முன்பே முடித்துக்கொள்ளுங்கள். மாற்றத்தை ஒட்டி ஆர்டர் எடுப்பதையே நிறுத்திவைப்பார்கள், பிறகு தேக்கம் வரும்.

சொன்ன தேதி கடந்துவிட்டது. இப்போது என்ன?

அனுமதி ஆணையின் எண்ணையும் நிபந்தனை எண்ணையும் மேற்கோளிட்டு, பட்டியலில் உள்ள எந்த முகவரிகளுக்கு வரவில்லை என்று ஆணையத்துக்கு எழுதுங்கள். வாடிக்கையாளர் சேவைக்கு எழுதும் புகாராக அனுப்பினால் அது ஒரு டிக்கெட் எண்ணாக முடியும். ‘இணைப்பு கிடைக்கும்’ என்று வரைபடத்தில் நிறம் பூசியிருந்தால், அந்த முகவரியில் ஆர்டர் போட்டு மறுப்பை எழுத்தில் வாங்குங்கள். பத்து மறுப்புக் கடிதங்கள் ஒரு பெரிய ஆய்வறிக்கைக்குச் சமம்.

நிறுவனம் திவாலானால் நிபந்தனைகள் என்னாகும்?

மறுசீரமைப்பு வகைத் திவாலில் சேவை பொதுவாக ஓடிக்கொண்டே இருக்கும், விளக்கை அணைத்தால் கடன் கொடுத்தவர்களுக்கே நஷ்டம். ஆனால் வாக்குறுதிகள் மறுபேச்சுக்கு வரும். ஃபேர்பாயின்ட் வழக்கில் 2010-ல் மாநிலங்கள் சில இணைய விரிவாக்கக் கடமைகளைத் தளர்த்தியும் தள்ளிவைத்தும் உடன்பட நேர்ந்தது. பூட்டிய கணக்கில் பணம் இருந்தால் மற்றக் கடன்காரர்கள் தொட முடியாதபடி அது பெரும்பாலும் தப்பும், வெறும் அபராதக் கோரிக்கை கடன்காரர் வரிசையின் கடைசியில் நிற்கும். நீதிமன்றத்தில் உங்கள் தரப்புக்கும் ஆஜராகும் உரிமை கேளுங்கள். ‘வாரிசு நிறுவனங்களையும் கட்டுப்படுத்தும்’ என்ற சொற்றொடர் மூல ஆணையில் இருக்கிறதா என்று பாருங்கள். ஃபேர்பாயின்டும் 2017-ல் கன்சாலிடேட்டட் நிறுவனத்திடம் மறுபடி கைமாறியது.

நல்லபடியாக நடந்த விற்பனையே இல்லையா?

இருக்கிறது. ஃபிரான்டியரின் வாஷிங்டன், ஓரிகன், ஐடஹோ, மொன்டானா லைன்களை 2020 மே மாதம் ஒரு புதிய நிறுவனம் சுமார் 135 கோடி டாலருக்கு வாங்கி, ஸிப்லி ஃபைபர் என்று பெயரிட்டது. ஃபைபருக்கும் மேம்பாட்டுக்கும் 50 கோடி டாலர் முதலீடு செய்வதாக அறிவித்து, செப்பு இருந்த சிறு ஊர்களிலும் கட்டத் தொடங்கியது. வாங்குபவரின் திட்டம் செப்பைக் கறப்பதா, ஃபைபர் போடுவதா என்பதுதான் விளைவைத் தீர்மானிக்கிறது. முதல் மூன்று ஆண்டு மூலதனச் செலவுத் திட்டத்தை, எக்ஸ்சேஞ்ச் வாரியாக, சத்தியப் பிரமாணத்தின்கீழ் தாக்கல் செய்யச் சொன்னால் அது தெரிந்துவிடும்.

விற்கிறார்கள் என்றால் ஊரே வாங்கிவிடலாமா?

பழைய செப்பு வலையமைப்பை வாங்குவது பெரும்பாலும் நல்ல யோசனை அல்ல. அதன் மதிப்பில் பாதி பழுதுக்கே போகும். கம்பங்கள், குழாய்கள், எக்ஸ்சேஞ்ச் கட்டிடம், பயன்படாத ஃபைபர் இழைகள் இவற்றுக்குத்தான் மதிப்பு. இவற்றை நியாயமான வாடகைக்கு ஊராட்சிக்கும் கூட்டுறவுக்கும் தர வேண்டும் என்பதை விற்பனை நிபந்தனையாகக் கேளுங்கள். சொந்தமாகக் கட்டும்போது நேரம் தின்பது, கம்பங்களில் கேபிளைப் பொருத்த வாங்கும் அனுமதிதான். விண்ணப்பித்த இத்தனை நாளில் பதில், இல்லையேல் அனுமதி கிடைத்ததாகக் கொள்ளப்படும் என்ற விதி இருந்தால் வேலை ஓடும்.

ஃபேர்பாயின்ட் விற்பனை முடிந்த அதே 2008-ல் வெர்மான்டின் நடுக்கிழக்கில் இருபதுக்கும் மேற்பட்ட ஊர்கள் சேர்ந்து ஈசிஃபைபர் என்ற பொது அமைப்பைத் தொடங்கின. வரிப்பணத்தை நம்பாமல், ஆரம்பத்தில் உள்ளூர் மக்களிடமே சிறு முதலீடுகளைத் திரட்டி ஃபைபர் போட்டார்கள். பின்னர் இத்தகைய ஊர்க் கூட்டமைப்புகளுக்கென்றே மாநிலம் சட்டம் இயற்றியது. மின்கூட்டுறவு ஏற்கெனவே உள்ள இடங்களில் வேலை இன்னும் எளிது, கம்பம் அவர்களுடையது.

எங்கள் ஊரில் ஒரு சிறு இணையச் சேவையாளர் அந்தப் பெரிய நிறுவனத்தின் லைனை வாடகைக்கு எடுத்துத்தான் எங்களுக்குத் தருகிறார். அவருக்கு என்ன பாதிப்பு?

வீட்டுக்காரரைவிட அவருக்குத்தான் முதல் அடி. மொத்த விலை ஒப்பந்தம் புதிய உரிமையாளரைக் கட்டுப்படுத்துமா என்று உடனே பார்க்கச் சொல்லுங்கள். மொத்த விலையை மூன்று ஆண்டுக்கு உறையவைக்கவும், அவருடைய ஆர்டர்களும் பழுதுகளும் நிறுவனத்தின் சொந்த வாடிக்கையாளருடையவை முடியும் அதே நாள்கணக்கில் முடிக்கப்படவும் தனி நிபந்தனை கேட்க வேண்டும். கணினி மாற்ற ஒத்திகையில் மொத்த விலையில் எடுப்பவர்களின் ஆர்டர் வழியையும் சேர்க்கச் சொல்லுங்கள், அதை விட்டுவிடுவது வழக்கம். அவரும் உங்களோடு வழக்கில் தரப்பினராகச் சேர்ந்தால், போர்ட் வாரியான பழுதுப் பதிவுகள் அவரிடமிருந்தே ஆணையத்துக்குப் போகும்.